யெல்லோஸ்டோன் கேம்ப்கிரவுண்டில் கோடைக்கால வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கேம்ப்கிரவுண்ட், அதாவது பயணிகள் கூடாரமோ வண்டியோ போட்டுத் தங்கும் இடத்தில் வேலை பார்த்தேன் என்று யாரிடம் சொன்னாலும் உடனே கேள்விகள் கிளம்பிவிடும். கரடி வருமா, சம்பளம் எவ்வளவு, லீவு நாளில் எங்கே போவீர்கள், அங்கே போன் எடுக்குமா. தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். முதலிலேயே ஒன்று: என்ன பதவி தருகிறார்கள் என்பதைவிட, எந்த கேம்ப்கிரவுண்டில் போடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். ஏன் என்று கீழே வரும்.

வேலை கொடுப்பது யார்? அரசாங்கமா, தனியாரா?

இரண்டும் உண்டு. பூங்காவுக்குள் 12 கேம்ப்கிரவுண்டுகள், மொத்தம் 2,000-க்கும் மேற்பட்ட இடங்கள். இதில் மேடிசன், கேன்யன், பிரிட்ஜ் பே, கிராண்ட் வில்லேஜ், ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய ஐந்தும் பெரியவை, இவற்றை ஒப்பந்தத்தின் பேரில் ஸான்டெரா என்ற தனியார் நிறுவனம் நடத்துகிறது. மற்றவை தேசியப் பூங்கா சேவையின் நேரடிப் பொறுப்பில் இருக்கின்றன. அரசு வேலை என்றால் யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். தனியார் நிறுவனங்கள் ஒவ்வொரு கோடைக்கும் நிறையப் பேரை எடுக்கின்றன, நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் வழி.

மூன்றாவதாக, தன்னார்வலராகவும் இருக்கலாம். சம்பளம் கிடையாது, பதிலுக்கு உங்கள் ஆர்வியை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) நிறுத்த இடம் இலவசம். ஓய்வு பெற்ற தம்பதிகள்தான் இதில் அதிகம். பூங்காவைப் பற்றி உருப்படியான தகவல் வேண்டுமென்றால் அவர்களிடம்தான் போய் உட்கார வேண்டும், வருடா வருடம் வருகிறவர்கள்.

நான் எஃப்-1 விசாவில் படிக்கிறேன். கோடை விடுமுறைக்கு இந்த வேலைக்குப் போகலாமா?

அனுமதி இல்லாமல் போகக் கூடாது. எஃப்-1 மாணவர் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய சிபிடி, ஓபிடி போன்ற பயிற்சி வேலை அனுமதி வேண்டும், அவையும் உங்கள் படிப்போடு சம்பந்தப்பட்ட வேலையாக இருந்தால்தான் பொருந்தும். கூடாரத்துக்கு இடம் ஒதுக்கும் வேலை கம்ப்யூட்டர் சயின்ஸோடு எப்படிச் சம்பந்தப்படும் என்று விளக்குவது கஷ்டம். ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று சொல்கிற நண்பரைக் கேட்காமல் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். விடுதிகளில் நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு மாணவர்கள் பலர் ஜே-1 கோடைக்கால வேலை விசாவில் வந்தவர்கள். அது அமெரிக்காவுக்கு வெளியே கல்லூரியில் படிப்பவர்களுக்கானது, அதிகபட்சம் நான்கு மாதம். பச்சை அட்டையோ வேலை அனுமதியோ இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

சரி, நாள் முழுக்க அங்கே என்னதான் வேலை?

மதியத்துக்கு மேல் நுழைவாயில் கொட்டகையில் வரிசை தொடங்கும். முன்பதிவைச் சரிபார்த்து இடம் ஒதுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? முன்பதிவில் வண்டியின் நீளம் 30 அடி என்று இருக்கும். வந்து நிற்பது 36 அடி ஆர்வி, அதன் பின்னால் இழுத்துக்கொண்டு வந்த கார் வேறு. 30 அடி இடத்தில் அது நுழையாது, நுழைந்தாலும் முன்பக்கம் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் பத்து வண்டிகள் காத்திருக்க, நாள் முழுக்க ஓட்டிக் களைத்த ஒருவரிடம் இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதி ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல் எத்தனை மணிக்கு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும் வெந்நீர் ஊற்று அது, கால அட்டவணை போட்டு நடப்பதில்லை.

காலை ஷிஃப்ட் வேறு மாதிரி. காலி செய்துவிட்டுப் போன இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தீ மூட்டும் இரும்பு வளையத்தில் சாம்பல் வெள்ளையாக, அமைதியாகக் கிடக்கும். அப்படியே அள்ளி வாளியில் போட்டுவிடக் கூடாது. தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அள்ளுவது. மேலே ஆறிப்போன சாம்பலுக்கு அடியில் கங்கு காலை வரைக்கும் உயிரோடு இருக்கும். 1988-இல் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தீயில் எரிந்தது, அந்த வருடத் தீக்களில் மிகப் பெரிய ஒன்று அணைக்காமல் போட்ட சிகரெட்டில் தொடங்கியது. அந்தக் கதை தெரிந்தால் புறங்கைச் சோதனையை யாரும் தவிர்க்க மாட்டார்கள்.

அப்புறம் குப்பை. பெரிய குப்பையை எல்லோரும் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். பிஸ்தா ஓடு, ரொட்டிப் பையைக் கட்டும் சிறு கிளிப், உருகி மண்ணில் ஒட்டிய மார்ஷ்மெல்லோ, இவற்றைக் குனிந்து பொறுக்குவதில்தான் இடுப்பு விட்டுப்போகும். கழிப்பறை சுத்தம் செய்வதும் பல இடங்களில் இதே ஆட்கள்தான். அது நமக்கு ஒத்துவராது என்றால் விண்ணப்பிக்கும்போதே எந்தப் பதவிக்கு என்ன வேலை என்று கேட்டுவிடுங்கள்.

கரடி கேம்ப்கிரவுண்டுக்குள் வருமா?

வரலாம், வராமல் இருக்கத்தான் இவ்வளவு விதிமுறைகள். இங்கே கருங்கரடி, கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி இரண்டும் உண்டு. ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பூங்காவில் துணிக் கூடாரத்துக்கு அனுமதியே இல்லை, கெட்டியான சுவர் உள்ள வண்டிகள் மட்டும்தான், காரணம் அந்தப் பகுதி கிரிஸ்லிகளின் பேட்டை.

மனிதர்களைத் தேடிக் கரடி வருவதில்லை, வாசனையைத் தேடி வருகிறது. அதனால் சாயங்காலம் ஒரு சுற்றுப் போய் மேசை மேசையாகப் பார்ப்போம். பூட்டிய ஐஸ் பெட்டி, காலியான பீர் கேன், கழுவிக் கவிழ்த்த அடுப்பு, நாயின் சாப்பாட்டுக் கிண்ணம், பற்பசை, எதுவும் ஆளில்லாமல் வெளியே இருக்கக் கூடாது. எல்லாம் வண்டிக்குள்ளோ இரும்புப் பெட்டிக்குள்ளோ போக வேண்டும். ‘ஐஸ் பெட்டி மூடித்தானே இருக்கிறது’ என்று வாதம் செய்வார்கள். மூடியிருந்தாலும் கரடிக்குத் தெரியும் என்பதோடு, ஒருமுறை அதைத் திறந்து தின்று பழகிய கரடி மறுபடி மறுபடி வரும், கடைசியில் அதைக் கொல்லும்படி ஆகிவிடும் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் எழுந்து எடுத்துவைத்துவிடுவார்கள். குழந்தைகள் இருக்கும் குடும்பத்தில் குழந்தையிடம் சொன்னாலே போதும், அப்பா அம்மாவை அதுவே விரட்டும்.

உண்மையில் கரடியைவிட நம் வேலைக்குத் தொந்தரவு பைசன் என்ற காட்டெருமைதான். ஒரு டன்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள காளை ஒன்று ஒரு இடத்துக்குள் நுழைந்து, மண்ணில் புரண்டுவிட்டு அப்படியே படுத்துவிடும். முன்பதிவு செய்தவர் வண்டியோடு சாலையில் நிற்பார். எழுப்பவும் முடியாது, பக்கத்தில் போகவும் கூடாது. பைசனிடமிருந்து குறைந்தது 23 மீட்டர், கரடி ஓநாயிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். பூங்காவில் மற்ற எந்த விலங்கையும்விட அதிகம் பேரைக் காயப்படுத்தியிருப்பது பைசன்தான், மந்தமாகத் தெரிந்தாலும் மனிதனைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும். அதனால் வேறு இடம் காலி இருக்கிறதா என்று தேடிக் கொடுப்போம், இல்லாவிட்டால் காத்திருப்போம்.

எந்த கேம்ப்கிரவுண்டைக் கேட்டு வாங்க வேண்டும்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பூங்கா கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். உள்ளே எட்டு வடிவத்தில் 230 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை, உச்ச வேகம் மணிக்கு 45 மைல், வழியில் பைசன் மந்தை சாலையைக் கடந்தால் அந்தக் கணக்கும் போச்சு. ஆகவே இருக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் லீவு நாள்.

மேடிசன்: எனக்குப் பிடித்தது. ஃபயர்ஹோல், கிப்பன் ஆறுகள் கூடி மேடிசன் ஆறாகிற இடம். ஓல்டு ஃபெய்த்ஃபுல் 26 கிலோமீட்டர், வழி நெடுக வெந்நீர் ஊற்றுகள், கிராண்ட் பிரிஸ்மாட்டிக் உட்பட. மேற்கே 22 கிலோமீட்டரில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர் இருப்பதால் மளிகைக் கடைக்கும் நூலகத்துக்கும் போய்வரலாம். 1870-இல் இங்கே கூடாரம் போட்ட ஆய்வுக்குழு ஒன்று தீயைச் சுற்றி உட்கார்ந்து பேசியபோதுதான் ‘இதைத் தேசியப் பூங்கா ஆக்கலாம்’ என்ற யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் அதை நம்புவதில்லை, ஆனால் விருந்தினர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1872-இல் சட்டம் வந்து உலகின் முதல் தேசியப் பூங்கா ஆனது மட்டும் உறுதி.

கேன்யன்: நடக்கப் பிடித்தவர்களுக்கு. 94 மீட்டர் உயர லோயர் ஃபால்ஸ் அருவி பக்கத்திலேயே. வாஷ்பர்ன் மலை, ஹேடன் பள்ளத்தாக்கு, டன்ரேவன் கணவாய் வழியாக லமார் பள்ளத்தாக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரம். 2,400 மீட்டர் உயரம் என்பதால் குளிரும் அதிகம், சீசனும் சின்னது.

ஃபிஷிங் பிரிட்ஜ், பிரிட்ஜ் பே: ஏரிக்கரை. ஸ்டார்ம் பாயின்ட் பாதை மூன்றே முக்கால் கிலோமீட்டர்தான், ஏரியில் அலையடிக்கும் பாறை முனையில் மார்மட் என்ற பெரிய தரை அணில்கள் வெயில் காய்வதைப் பார்க்கலாம். கிழக்கு வாயில் வழியாக கோடி நகரத்துக்குப் போவதும் இங்கிருந்து எளிது.

கிராண்ட் வில்லேஜ்: தெற்கே கிராண்ட் டீட்டன் பூங்காவையே முக்கியமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு. தெற்கு வாயில் 35 கிலோமீட்டர். கொசு கொஞ்சம் அதிகம்.

நேர்காணலில் ‘எங்கே வேண்டுமானாலும் சரி’ என்று சொல்லாதீர்கள். ஒரு இடத்தின் பெயரைச் சொல்லிக் காரணத்தோடு கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தங்குவது, சாப்பிடுவது?

விடுதி, ஒரு அறையில் இரண்டு பேர் அல்லது அதற்கு மேல், பொதுக் குளியலறை. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அதனால் மணிக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காமல் பிடித்தம் போக எவ்வளவு கைக்கு வரும் என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடியும்வரை இருந்தால் தனியாக ஊக்கத்தொகை உண்டா என்பதையும்தான். பெரும்பாலான விடுதிகளில் அறைக்குள் சமைக்க முடியாது. ஊழியர் உணவகத்தில் சைவத்துக்கு ஏதாவது இருக்கும், ஆனால் அதே ஏதாவதுதான் திரும்பத் திரும்ப வரும். ஊறுகாய் பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

போன், இன்டர்நெட்?

சில குடியிருப்புகளில் சிக்னல் உண்டு, அதுவும் கூட்டம் சேரும் மதியத்தில் பெயருக்குத்தான். சாலையில் பெரும்பாலும் கிடையாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ‘தினமும் கூப்பிட முடியாது’ என்று சொல்லிவைத்துவிடுங்கள்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் நட்பு வேண்டும். பூங்காவுக்குள் பொதுப் பேருந்து கிடையாது. ஊழியர்களுக்கென்று ஏற்பாடு செய்யும் நடைப் பயணங்களிலும் வேன் பயணங்களிலும் பெயர் கொடுங்கள். உங்களோடு ஒரே நாளில் லீவு இருக்கும் கார்க்காரர் யார் என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, பெட்ரோல் செலவில் பங்கு தருகிறேன் என்று நீங்களாகவே சொல்லிவிடுவது மரியாதை. லீவு பெரும்பாலும் சனி ஞாயிறாக இருக்காது, செவ்வாய் புதன் மாதிரி வரும், அதனால் உங்கள் நண்பர் வட்டத்தை லீவுப் பட்டியல்தான் தீர்மானிக்கும்.

முதல் லீவு நாளில் எங்கே போவது?

புதிதாக வருகிறவர்கள் ஒரே நாளில் மொத்தப் பூங்காவையும் சுற்றக் கிளம்புவார்கள். அது மூன்று நாள் விடுப்பில் வருகிற சுற்றுலாப் பயணி செய்ய வேண்டியது. உங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது. பக்கத்தில் ஒரே ஒரு இடத்துக்குப் போய் நிதானமாக உட்காருங்கள், காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள். பத்து மணிக்கு வாகன நிறுத்தமே கிடைக்காத இடத்தில் அந்த நேரத்துக்கு நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

ஒரு விதிவிலக்கு: கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கை அதிகாலையில் பார்க்காதீர்கள், குளிரில் ஆவி மூடி ஒன்றுமே தெரியாது. வெயில் ஏறிய பிறகு ஃபேரி ஃபால்ஸ் பாதையில் உள்ள மேட்டுக்கு ஏறிப் பாருங்கள். விளிம்பில் தெரியும் ஆரஞ்சும் மஞ்சளும் சூடு தாங்கும் நுண்ணுயிர்களின் நிறம். 1960-களில் தாமஸ் பிராக் என்ற ஆய்வாளர் இந்தப் பக்கத்து ஊற்றுகளில் இருந்துதான் தெர்மஸ் அக்வாடிகஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். அதன் நொதிதான் பிசிஆர் பரிசோதனையைச் சாத்தியமாக்கியது, கோவிட் காலத்தில் நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார்களே, அதே பிசிஆர்.

பூங்காவுக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டு நாள் சேர்ந்து லீவு கிடைத்தால் கிராண்ட் டீட்டன். அடிவாரக் குன்றுகள் எதுவும் இல்லாமல் சமவெளியிலிருந்து நேராக எழும் மலைத்தொடர், உயர்ந்த சிகரம் 4,199 மீட்டர். ஜென்னி ஏரிக்குக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடுங்கள். வடகிழக்கே பேர்டூத் நெடுஞ்சாலை 3,337 மீட்டர் வரை ஏறும், ஜூலையிலும் ஓரத்தில் பனிச் சுவர் நிற்கும், வானிலை பார்க்காமல் கிளம்பக் கூடாது.

எல்லோரும் போகாத இரண்டு இடங்களைச் சொல்கிறேன். வெஸ்ட் யெல்லோஸ்டோனுக்கு வடமேற்கே குவேக் ஏரி. 1959 ஆகஸ்ட் 17 இரவு, பதினொன்றரை மணிக்குமேல் வந்த பூகம்பத்தில் மலைச்சரிவு ஒன்று உடைந்து மேடிசன் ஆற்றை அடைத்ததால் உண்டான ஏரி அது. பூகம்பத்தில் இறந்தது 28 பேர், பெரும்பாலும் ஆற்றங்கரையில் கூடாரத்திலும் வண்டியிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. கேம்ப்கிரவுண்டில் வேலை செய்கிற ஒருவர் அதைப் பார்ப்பதும் மற்றவர்கள் பார்ப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று கோடி நகரத்தைத் தாண்டி ஹார்ட் மவுண்டன். இரண்டாம் உலகப்போரின்போது 1942 முதல் 1945 வரை ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்துவைத்த முகாம், ஒரு கட்டத்தில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. கோடி நகரத்தில் இருக்கும் பஃபலோ பில் மையம் என்ற அருங்காட்சியகமும் நன்றாகத்தான் இருக்கும், ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் ஹார்ட் மவுண்டனை முதலில் வையுங்கள்.

தனியாக மலையேறலாமா?

சட்டப்படி தடையில்லை, நான் போக வேண்டாம் என்பேன். மூன்று நான்கு பேராகப் பேசிக்கொண்டே நடப்பது கரடிக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது மாதிரி. கரடியை விரட்டும் கார நெடி ஸ்ப்ரே இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். காலாவதித் தேதியைப் பாருங்கள், ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் எடுத்துப்போக முடியாது, அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். பெலிக்கன் பள்ளத்தாக்கு போன்ற சில இடங்கள் கரடிகளுக்காகக் கோடைத் தொடக்கத்தில் மூடியே இருக்கும், திறந்த பிறகும் காலை 9 முதல் இரவு 7 வரைதான். இரவு காட்டில் தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஊழியருக்கும் அதே விதிதான். மதியம் இடி மின்னல் வழக்கம் என்பதால் வாஷ்பர்ன் மாதிரி உச்சிகளில் இருந்து மதியத்துக்குள் இறங்கிவிடப் பாருங்கள்.

வெந்நீர் ஊற்றில் குளிக்கலாமா?

கூடாது. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது, பல ஊற்றுகள் அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன. சுற்றியுள்ள தரை மெல்லிய அப்பளம், உடைந்தால் அடியில் கொதிநீர். இதுவரை 20-க்கும் மேற்பட்டவர்கள் வெந்து இறந்திருக்கிறார்கள், பூங்கா ஊழியர்களும் அதில் உண்டு. மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள், இரவில் நண்பர்களோடு போனாலும்.

மீன் பிடிக்கலாமா?

பூங்காவின் அனுமதிச் சீட்டு வாங்கினால் பிடிக்கலாம், மாநில உரிமம் இங்கே செல்லாது. பூர்வீக மீனான கட்த்ரோட் ட்ரவுட் கிடைத்தால் உயிரோடு விட்டுவிட வேண்டும். வெளியிலிருந்து வந்து அதைத் தின்று தீர்த்த லேக் ட்ரவுட், யெல்லோஸ்டோன் ஏரியில் கிடைத்தால் கட்டாயம் கொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால் ஃபிஷிங் பிரிட்ஜ் பாலத்தில் நின்று மீன் பிடிக்க 1973 முதல் தடை. பெயரைப் பார்த்துத் தூண்டிலோடு வருகிறவர்களுக்கு இதை விளக்குவதும் நம் வேலைதான்.

எந்த மாதங்கள் நல்லது? என்ன துணி எடுத்துப்போவது?

சீசன் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை, கேம்ப்கிரவுண்டுக்குக் கேம்ப்கிரவுண்ட் மாறும். ஜூனில் உயரமான பாதைகளில் பனி, கீழே சேறு. ஜூலையில் கூட்டம், கொசு. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை பைசன்களின் இணைசேர்க்கைக் காலம், ஹேடன் பள்ளத்தாக்கில் அவை உறுமுவது தூரத்திலிருந்தே கேட்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர். கூட்டம் குறையும், எல்க் மான்களின் ஊளை காலையில் விடுதி வரை கேட்கும், காற்றில் கொசு இருக்காது. அதனால் முடிந்தால் ஜூனில் சேர்ந்து செப்டம்பர் கடைசிவரை இருக்கும்படி ஒப்பந்தம் கேளுங்கள்.

துணி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள், ஜூலை இரவிலும் தண்ணீர் உறையும் குளிர் வரலாம். கம்பளி உள்ளாடை, மழைச்சட்டை, நல்ல ஷூ, நெற்றியில் கட்டும் டார்ச். ஷூவை மட்டும் அங்கே போய் வாங்கலாம் என்று விடாமல், முன்பே வாங்கிப் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

கிளம்பும்போது காட்டில் கிடக்கும் எல்க் கொம்பு ஒன்றை ஞாபகார்த்தமாக எடுத்துவரலாமா?

கூடாது. கொம்பு, எலும்பு, கூழாங்கல், பூ, எதையும் எடுத்தால் குற்றம். உதிர்ந்த கொம்பைச் சுண்டெலிகளும் மற்ற கொறிவிலங்குகளும் கால்சியத்துக்காகக் கடித்துத் தின்னும், அவற்றுக்கு அது தேவை. படம் எடுத்துக்கொண்டு கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஞாபகார்த்தம் கட்டாயம் வேண்டுமென்றால் பூங்காக் கடையில் டி-ஷர்ட் இருக்கிறது, ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.